ஹார்வர்டு பாடமும் சான் ஹோசே கடிதமும்

1884இல் மினியோனெட் என்ற சிறு பாய்மரக் கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. நடுக்கடலில் கப்பல் மூழ்கியது. உயிர்காப்புப் படகில் 4 பேர். சாப்பிட 2 டப்பா டர்னிப் கிழங்கு. குடிநீர் கிடையாது. இடையில் ஓர் ஆமை பிடித்தார்கள். அதுவும் தீர்ந்தது. கப்பல் பையன் ரிச்சர்டு பார்க்கருக்கு 17 வயது. கடல்நீரைக் குடித்துவிட்டு நினைவின்றிக் கிடந்தான். கேப்டன் டட்லி அவனைக் கத்தியால் கொன்றார். மற்ற மூவரும் அவன் உடலைத் தின்று உயிர் பிழைத்தார்கள். 24ஆம் நாள் ஒரு ஜெர்மன் கப்பல் அவர்களை மீட்டது. டட்லிக்கும் துணை அதிகாரி ஸ்டீபன்ஸுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை 6 மாதச் சிறையாகக் குறைத்தார்கள்.

அவர்கள் செய்தது தவறா? சீட்டுப் போட்டுப் பார்த்திருந்தால் சரியாகியிருக்குமா? பையனே சம்மதித்திருந்தால்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் இப்படித்தான் பாடம் நடத்துவார். 1980 முதல் அங்கே இருக்கிறார். ‘நீதி’ என்ற அவருடைய வகுப்பு நடந்த சாண்டர்ஸ் அரங்கில் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர் விடை சொல்வதில்லை. ஒரு மாணவரை எழுப்பிப் பேசவிடுவார், அதை மறுக்கும் இன்னொருவரை எழுப்புவார், இருவரையும் மோதவிடுவார். பெந்தாமும் காண்ட்டும் அரிஸ்டாட்டிலும் அந்த வாக்குவாதத்துக்கு நடுவே வந்து சேருவார்கள். 2009இல் இந்த வகுப்புகள் 12 பகுதிகளாகத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வெளிவந்தன. ஜப்பானில் என்எச்கே ஒளிபரப்பியபின் அவருக்கு அங்கே சினிமா நடிகருக்குரிய புகழ் கிடைத்தது.

2011இல் அதே என்எச்கே ஒரு நல்ல காரியம் செய்தது. மார்ச் மாத நிலநடுக்கமும் சுனாமியும் முடிந்து சில வாரங்களிலேயே டோக்கியோ, பாஸ்டன், ஷாங்காய் நகரங்களின் மாணவர்களைத் திரை வழியாக இணைத்து, சாண்டலை நடுவில் வைத்து விவாதிக்க வைத்தது. ஃபுகுஷிமா அணு உலையில் ஆபத்தான வேலையை யார் செய்வது என்பது அதில் ஒரு கேள்வி. அங்கே எல்லோரும் பேசினார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சண்டையே இதைப் பற்றித்தான்.

2012இல் ஹார்வர்டும் எம்ஐடியும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு எடெக்ஸ் என்ற இணையக் கல்வி அமைப்பைத் தொடங்கின. அதன் அப்போதைய தலைவர் அனந்த் அகர்வால் நம் சென்னை ஐஐடியில் படித்தவர். 2013இல் சாண்டலின் நீதிப் பாடம் எடெக்ஸில் வந்தது. பல நாட்டு மாணவர்கள் அதில் எழுத்து மூலம் வாதம் செய்தார்கள்.

கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் எடெக்ஸோடு ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்தது. தத்துவத்துறையும் இந்தப் பாடத்தை எடுத்து நடத்தலாமே என்று கேட்டார்கள். துறை மறுத்துவிட்டது. 2013 ஏப்ரல் 29 தேதியிட்டு, சாண்டலுக்கே ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதியது.

எங்கள் துறையில் இந்தப் பாடம் வந்து தீர்க்கவேண்டிய குறை எதுவும் இல்லை, இது செலவைக் குறைக்கும் வேலை என்பது அவர்கள் கட்சி. நாடு முழுவதும் ஒரே நீதிப் பாடம் ஓடுவது அச்சம் தருகிறது என்றார்கள். வசதியான பல்கலைக்கழகத்துக்கு உயிருள்ள ஆசிரியர், மற்றவர்களுக்கு வீடியோவும் ஓர் உதவியாளரும் என்று இரண்டு ஜாதிக் கல்லூரிகள் உருவாகும் என்றும் எச்சரித்தார்கள். வேலை போய்விடுமே என்ற கவலையும் கடிதத்தில் உண்டு. அதை அவர்கள் மறைக்கவில்லை.

எனக்கு வலுவாகப் பட்டது வேறொரு வாதம். படம்பிடித்த வகுப்பில் பேசுவது ஹார்வர்டு மாணவர்கள். சான் ஹோசே மாணவர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். சமூக நீதி என்றால் என்ன என்று வசதி படைத்தவர்கள் விவாதிப்பதை இவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்! பொங்கலன்று டிவியில் பட்டிமன்றம் பார்ப்பதற்கும் மேடையேறி நடுவரிடம் மணி அடி வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டோக்கியோ மாணவனுக்குத் திரைக்கு அப்பால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். சான் ஹோசே மாணவனுக்கு இருந்திருக்கப்போவது எப்போதோ பதிவான ஒரு காட்சி.

சாண்டல் கோபப்படவில்லை. ஒப்பந்த விவரம் தனக்கு அதிகம் தெரியாது என்றும், தன் பாடத்தை வைத்துப் பிற கல்லூரி ஆசிரியர்களின் இடத்தைப் பலவீனப்படுத்துவதைத் தான் விரும்பவில்லை என்றும் பதில் சொன்னார். அவர்களுடைய கவலை நியாயமானது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் வகுப்புகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்கவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். எந்தக் கல்லூரிக்கும் போக வழியில்லாத ஒருவருக்கு அது பெரிய கொடை.

அதே ஆண்டு ஜூலையில், யுடாசிட்டி என்ற இன்னொரு நிறுவனத்தோடு நடத்திவந்த இணையக் கணக்குப் பாடங்களைத் தேர்ச்சி குறைந்ததால் சான் ஹோசே நிறுத்தி வைத்தது. 2021இல் ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸை டூயூ என்ற வணிக நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு விற்றன. 2024இல் டூயூ திவால் மனு கொடுத்தது.

சாண்டலின் வகுப்புகள் இன்றும் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. மினியோனெட் வழக்கு முதல் பகுதியிலேயே வரும். பேரப்பிள்ளைகள் கூட இருக்கும்போது போட்டுப் பாருங்கள். நடுநடுவே நிறுத்திவிட்டு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.