விளையாட்டுத் துறையில் பட்டப்படிப்பு: மைதானம் ஒன்று, வாசல்கள் வேறு வேறு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நமது வீடுகளில் பேசப்படும் படிப்புகளின் பட்டியல் பெரும்பாலும் மாறுவதில்லை. டாக்டர், இன்ஜினியர், பி.காம்., சி.ஏ. அதுவும் அமையவில்லை என்றால் ஏதாவது ஒரு டிகிரியை முடித்துவிட்டு சவூதிக்கோ துபைக்கோ போவது. மாவட்ட அளவில் கால்பந்து ஆடிய மகன், பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஆண்டுதோறும் முதலாவதாக வந்த மகள் இருக்கிற வீட்டிலும் இதே பேச்சுதான். "விளையாட்டு சோறு போடுமா?" என்று வாப்பா ஒரு கேள்வி கேட்பார். அத்துடன் அந்தப் பிள்ளையின் ஆசை முடிந்துவிடும்.

சோறு போடும். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்று தெரிந்து நுழைந்தால்தான் போடும். இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகள் பலர் தடுமாறுவது திறமை இல்லாமல் அல்ல; படிப்பின் பெயரைப் பார்த்து ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொள்வதால்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை வேண்டும் என்பவர் பயிற்சியாளர் டிப்ளமோவுக்குப் போகிறார். தேசிய அணிக்குப் பயிற்சி தர வேண்டும் என்று கனவு காண்பவர் பி.பி.எட். மட்டும் போதும் என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டுமே நல்ல படிப்புகள். ஆனால் அவை திறக்கிற கதவுகள் வேறு. கட்டணம் கட்டிய பிறகு இது தெரிய வந்தால் போன ஆண்டுகள் திரும்பி வராது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்ததும், ஆயிஷா (ரலி) அவர்களோடு அவர்கள் ஓடிப் போட்டியிட்டதும் ஹதீஸ் நூல்களில் பதிவானவை. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. படிப்பைப் பற்றியே பேசுவோம்.

ரஹீம் சாஹிபின் காலமும் நமது காலமும்

இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளர் யார் என்று கேட்டால், இன்றும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் பெயர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். பள்ளி ஆசிரியராக இருந்தவர், பின்னர் உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை அவர் வழிநடத்தியபோது அது 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்சியில் இந்திய அணி 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1963-இல் புற்றுநோயால் காலமானார். அவர் வாழ்க்கையைத்தான் 'மைதான்' என்ற இந்திப் படமாக எடுத்தார்கள்.

அவரை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியர், பயிற்சியாளர், அணியின் உடல்நலத்தைக் கவனிப்பவர் என்று எல்லா வேலையும் அன்று கிட்டத்தட்ட ஒருவர் தலையில்தான் இருந்தது. ஜகார்த்தாவில் பின்கள ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை முன்களத்தில் இறக்கினார். தென்கொரியாவுடனான இறுதி ஆட்டத்தில் அவரே ஒரு கோல் அடித்தார். இந்தியா 2-1 என்று வென்றது. கேட்கச் சிலிர்க்கிற கதை. ஆனால் இன்று தலையில் அடிபட்ட ஒருவரைப் பயிற்சியாளர் தன் விருப்பப்படி களமிறக்க முடியாது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்குமா என்று பார்ப்பதற்கென்றே படித்த ஒருவர் களத்தோரம் நிற்கிறார். சந்தேகம் இருந்தால் அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிடுவதுதான் முறை. ஒரே ஆள் செய்த வேலை மூன்றாகப் பிரிந்து, மூன்றுக்கும் தனித்தனிப் படிப்பு வந்துவிட்டது.

முதல் வாசல்: உடற்கல்வி ஆசிரியர்

நாம் 'பி.டி. வாத்தியார்' என்று கூப்பிடுகிறோமே, அவருடைய படிப்பு இது. தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல பாரம்பரியம் உண்டு. சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கரால் தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அறியப்படுவது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் இந்த பக்தான். இன்று மாநிலத்தின் உடற்கல்விக் கல்லூரிகளுக்கென்றே, வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரசுப் பல்கலைக்கழகம் அது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் உடற்கல்விக் கல்லூரி உண்டு. வெளி மாநிலம் என்றால் 1957-இல் தொடங்கிய குவாலியர் லட்சுமிபாய் நிறுவனம் பெயர் பெற்றது.

பி.பி.எட். என்பது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கிற இரண்டாண்டுப் படிப்பு. ஏற்கெனவே படித்த பட்டம் உடற்கல்வியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வரலாறோ, தமிழோ, வணிகவியலோ படித்தவரும் சேரலாம்; 2014-இல் ஆசிரியர் கல்வித் தேசியக் குழு வகுத்த விதிப்படி பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண்ணும், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் பங்கேற்ற சான்றும் வேண்டும். பிளஸ் டூ முடித்த உடனே இத்துறைக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கு உடற்கல்வியிலேயே இளநிலைப் பட்டப் படிப்புகள் தனியாக உள்ளன.

ஓடுவதும் குதிப்பதும்தானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 400 மீட்டர் ஓடுதளத்தில் இரண்டு நேர்ப்பாதைகளும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். வெளித்தடத்தில் ஓடுகிறவர் பெரிய வட்டத்தைச் சுற்றுவதால், எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டால் அவருக்கு அநியாயமாகிவிடும். ஆகவே 400 மீட்டர் பந்தயத்தில் இரண்டாம் தடத்துக்காரரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். எட்டாம் தடத்துக்காரரை 53.03 மீட்டர் முன்னால். பி.பி.எட். மாணவர் இதைக் கணக்கிட்டு, சுண்ணாம்புத் தூளோடு மைதானத்தில் இறங்கிக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். மதரஸாவில் வாரிசுரிமைக் கணக்குப் போட்டவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். ஒரு பங்கு பிசகினால் யாரோ ஒருவருடைய உரிமை போய்விடும். இதோடு உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், கற்பித்தல் பயிற்சி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இரண்டாண்டு.

அரசுப் பள்ளிப் பணிகள் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக நிரப்பப்படுகின்றன. மேலே எம்.பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் பணிக்குப் போகலாம். கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஆக வேண்டும் என்றால் எம்.பி.எட்.டில் 55 விழுக்காடு, அதற்கு மேல் நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம். அது மட்டுமல்ல, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் ஒரு சுவையான நிபந்தனை இருக்கிறது. 30 வயது வரை உள்ள ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டரும், பெண் 8 நிமிடத்தில் 1000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடந்து காட்ட வேண்டும். வயது ஏற ஏறத் தூரம் குறையும். பேராசிரியருக்குச் சமமான சம்பளத்தோடு ஓட்டத்தையும் கேட்கிற வேலை நமக்குத் தெரிந்து வேறு இல்லை.

இரண்டாம் வாசல்: பயிற்சியாளர்

ஆசிரியர் ஐம்பது பிள்ளைகளைப் பத்து விளையாட்டுகளில் ஆட வைக்கிறார். பயிற்சியாளர் ஐந்து பேரை ஒரே விளையாட்டில் வெல்ல வைக்கிறார். ஆகவே படிப்பும் ஒரே விளையாட்டைச் சார்ந்தது. இதற்கு நாட்டில் முதலிடம் பஞ்சாபின் பாட்டியாலாவில், பழைய மோதி பாக் அரண்மனையில் 1961-இல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம். 'என்.ஐ.எஸ். முடித்தவர்' என்று மைதானங்களில் சொல்வது இதைத்தான். இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. இதன் பயிற்சியாளர் டிப்ளமோ ஓராண்டு. பட்டமும், போட்டிகளில் ஆடிய சான்றும், திறன் தேர்வும் உண்டு.

அதே நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றும் நடத்துகிறது. அதையும் பேச்சில் 'என்.ஐ.எஸ்.' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஆறு வாரமும் ஓராண்டும் ஒன்றல்ல. பிள்ளையை ஒரு பயிற்சி மையத்தில் சேர்க்கும்போது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை. ஆணையம் பயிற்சியாளர் பணிக்கு ஆள் எடுக்கும்போது டிப்ளமோவைத்தான் முதலில் பார்க்கிறது.

விளையாட்டுச் சங்கங்களின் உரிமம் இன்னொன்று. கால்பந்தில் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக உரிமம் வாங்கிக்கொண்டே போக வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் கையில் இருந்தாலும் உரிமம் இல்லாமல் பெரிய கிளப்பின் பயிற்சியாளர் இருக்கையில் உட்கார முடியாது. கிரிக்கெட்டிலும் தடகளத்திலும் இதுபோல் நிலைகள் உண்டு.

பயிற்சியாளர் படிப்பின் உயிர்நாடி, எவ்வளவு உழைக்க வைப்பது என்பதைவிட எப்போது ஓய்வு கொடுப்பது என்பதுதான். பயிற்சியின்போது உடல் களைத்து, ஓய்வின்போதுதான் முன்பைவிட வலுவாகத் தேறுகிறது. தேறுவதற்குள் மறுபடி சுமை ஏற்றினால் காயம்தான் மிச்சம். ஆண்டு முழுவதையும் பருவங்களாகப் பிரித்துத் திட்டமிடும் முறையை 1960-களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் ஒழுங்குபடுத்தினார். இன்றைய பாடத்திட்டங்களில் அது அடிப்படை. நமது பிள்ளைகளுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. 2012 லண்டன் ஒலிம்பிக் முழுக்க ரமளானில் நடந்தது. நோன்பு வைத்திருக்கிற ஆட்டக்காரருக்குக் கடும் பயிற்சியை இஃப்தாருக்குப் பிறகு மாற்றுவதா, பகலில் எவ்வளவு குறைப்பது, சஹரில் என்ன சாப்பிடச் சொல்வது என்பதெல்லாம் படித்த பயிற்சியாளருக்குத்தான் தெரியும். படிக்காதவர் ஒன்று நோன்பை விடச் சொல்வார், அல்லது பிள்ளையை வெயிலில் மயங்க விடுவார்.

மூன்றாம் வாசல்: காயம் பார்ப்பவர்

'அத்லெட்டிக் டிரெயினிங்' என்ற பெயர்தான் அதிகம் ஏமாற்றுவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பெயரில் படிப்பு உண்டு. பெயரைப் பார்த்தால் ஓட்டக்காரருக்குப் பயிற்சி தருவது போலத் தோன்றும். உண்மையில் அது மருத்துவம் சார்ந்த தொழில்: காயம் வராமல் தடுப்பது, வந்தால் களத்திலேயே முதலில் கவனிப்பது, குணமாக்கி மீண்டும் ஆட்டத்துக்குத் தயார்செய்வது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-இல் இதை மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றது. இப்போது அங்கே இத்தொழிலுக்குள் நுழைய முதுநிலைப் பட்டம் தேவை. 2022-க்குப் பிறகு இளநிலை வகுப்புகளுக்குப் புதிய சேர்க்கை இல்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தால்தான் தகுதித் தேர்வே எழுத முடியும். கால்பந்துப் பயிற்சியாளராக ஆசைப்படும் பிள்ளை, பெயரை நம்பி இதற்கு லட்சக்கணக்கில் செலவு செய்யக் கூடாது.

நம் நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்கிறவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். பி.பி.டி. முடித்து, முதுநிலையில் விளையாட்டுப் பிரிவை எடுப்பது இதற்கான வழி. இதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் கட்டாயம். ஆகவே இந்த முடிவைப் பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும்போதே எடுக்க வேண்டும். பிறகு எடுத்துப் பயனில்லை. படிப்புக் காலமும் சேர்க்கை விதிகளும் மாறி வருவதால், சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

கோடை முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இந்தப் படிப்பின் ஒரு பாடத்தை மட்டுமாவது தெரிந்து வைத்திருக்கலாம். கடும் பயிற்சியில் வெப்பத் தாக்கு வந்து பிள்ளை நிலைதடுமாறினால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை கை கட்டி நிற்கக் கூடாது. உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ, ஐஸ் நீரை ஊற்றியோ உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, அதன் பிறகுதான் கொண்டுபோவது.

பெண்பிள்ளைகள்

பெண்கள் பள்ளி, பெண்கள் கல்லூரி, பெண்கள் விடுதி எல்லாவற்றுக்கும் பெண் உடற்கல்வி ஆசிரியரும் பெண் பயிற்சியாளரும் பெண் பிசியோவும் தேவை. நமது மகளை ஆண் பயிற்சியாளரிடம் அனுப்பத் தயங்குகிறோம். அதே சமயம் பெண் பயிற்சியாளராக எந்த மகளையும் படிக்க வைக்கவும் தயங்குகிறோம். இரண்டும் சேர்ந்தால் நமது பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டே இல்லை என்றாகிவிடுகிறது.

ஆடை ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. கால்பந்தில் தலையை மறைத்து ஆட 2014-இல் அனுமதி வந்தது. கூடைப்பந்தில் 2017-இல் வந்தது. கல்லூரியின் செய்முறை வகுப்புக்கு முழுக்கை, முழுக்கால் உடை ஏற்பார்களா, நீச்சல் வகுப்பு பெண்களுக்குத் தனியா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே, எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு தகராறு செய்வது பிள்ளையின் படிப்பைத்தான் கெடுக்கும்.

எந்த வாசலாக இருந்தாலும் சான்றிதழ்தான் சாவி. ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளை கலந்துகொண்ட ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்தச் சான்றிதழும் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்திய போட்டியா, உரிய படிவத்தில் உரிய அதிகாரி கையொப்பமிட்டிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். தனியார் அகாடமி நடத்துகிற 'தேசிய', 'சர்வதேச' என்று பெயர் வைத்த போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒருமுறை போய்க் கேளுங்கள்.