புயலும் திருகோணமலையும்

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் ஒதுங்குதற்கு இடம் அரிது. 1746 அக்டோபரில் சென்னைக் கடலில் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சிதறடித்தது. கப்பல்கள் மூழ்கின, பலர் மாண்டனர். குன்றுகள் அரணாகச் சூழ்ந்த, ஆழமிக்க திருகோணமலைத் துறைமுகத்தை வல்லரசுகள் விரும்பியதில் வியப்பென்ன? 1782ஆம் ஆண்டில் மட்டும் ஜனவரியில் ஆங்கிலேயரும், ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுக்காரரும் அதனைக் கைப்பற்றினர்.

ஆயினும், போர்க்கப்பலுக்குக் கிட்டிய புகலிடம் மீனவர் குடிசைக்குக் கிட்டவில்லை. ஓலைக் கூரையை நங்கூரமிட்டு நிறுத்த இயலுமா? 1964 டிசம்பர் 22ஆம் நாள் இலங்கையின் வடபாகத்தைக் கடந்த சூறாவளி திருகோணமலையையும் தாக்கிற்று. பின்னர் பாக்கு நீரிணையில் இறங்கித் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டது. 2000 டிசம்பர் 26இல் மற்றொரு சூறாவளி திருகோணமலைக் கரையிலேயே ஏறிற்று. அப்போதும் முதலில் பறந்தவை கூரைகளே.