இரட்டைமலை சீனிவாசன்: இதழும் மேடையும்

இரட்டைமலை சீனிவாசன் (1859–1945) ஒடுக்கப்பட்ட மக்களின் பத்திரிகை ஆசிரியர், மேடைப் பேச்சாளர், சென்னைச் சட்டமன்ற உறுப்பினர். செங்கல்பட்டு வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்தார். கோயம்புத்தூரில் படித்த நாளில், சாதி தெரிந்துவிடுமோ என்று சக மாணவர்களோடு பழகவே தயங்கியதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு 1890இல் சென்னைக்கு வந்தார்.

1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், இரண்டணா விலை. எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே முகப்பில் அச்சிட்டார். மாத இதழாக வந்தது சில மாதங்களில் வார இதழாகி 1900 வரை நடந்தது. இடையில் அவதூறு வழக்கில் நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது அந்தத் தொகையை ஆதரவாளர்களே கட்டினார்கள்.

சீனிவாசனின் பொதுவாழ்வில் முதன்மையாகக் குறிப்பிட வேண்டியது, இதழ் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1893 டிசம்பர் 23 அன்று சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் அவர் கூட்டிய கூட்டம். சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்த காலம் அது. இங்கே தேர்வு நடந்தால் மேல்சாதியாரே அதிகாரிகளாக வந்து அமர்வார்கள், சேரிக்கு நியாயம் கிடைக்காது என்பது சீனிவாசன் தரப்பின் வாதம். 3,412 பேர் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போனது. தேசிய இயக்கத்தார் பலருக்கு இது துரோகமாகத் தெரிந்தது. ஆனால் கிணற்றடியிலும் தெருமுனையிலும் விரட்டப்பட்டவர்கள், ஆட்சி யார் கைக்குப் போகிறது என்று கேட்டதில் முழு நியாயம் இருந்தது.

அதே ஆண்டில் அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், கும்பல் கொலைகளுக்கு எதிராகப் பிரிட்டனில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். மெம்பிஸ் நகரில் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை 1892இல் ஒரு கும்பல் நொறுக்கியிருந்தது. ஒருவரையொருவர் அறியாத இவ்விருவருக்கும் எழுத்தும் மேடையும் ஒரே வேலையாகத்தான் இருந்தன.

1900இல் கடல் கடந்த சீனிவாசன் நெடுங்காலம் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். தாயகம் திரும்பிச் சட்டமன்றத்தில் இடம்பெற்றவர், 1924 ஆகஸ்ட் 22 அன்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் எவருக்கும் தடையில்லை. அது நிறைவேறி அடுத்த மாதமே அரசாணையாக வந்தது. ஆணை வந்த பிறகும் எத்தனையோ ஊர்களில் தடை நீங்கவில்லை என்றாலும், தடுப்பவர்தான் சட்டத்தை மீறுகிறார் என்று சொல்ல அது இடம் கொடுத்தது.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். தன்வரலாறான 'ஜீவிய சரித்திர சுருக்கம்' 1939இல் வெளியானது.

'பறையன்' இதழ்ப் பிரதிகள் இன்று கிடைப்பது அரிது. அரசு மொழிபெயர்ப்பாளர்கள் மேலதிகாரிகளுக்காக ஆங்கிலத்தில் தயாரித்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகளில் அதன் செய்திச் சுருக்கங்கள் உள்ளன. ஆய்வாளர்கள் பெரிதும் அவற்றையே நம்பியிருக்கிறார்கள்.