உப்பிய மின்தேக்கிகள்

பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று, கடிதம் எழுதும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் சாதுவாக இயங்கும். திரைப்படம் தொகுக்கவோ பெரிய விளையாட்டு ஒன்றை ஆடவோ தொடங்கினால், சில நிமிடங்களில் திரை உறைந்துவிடும்; அல்லது பொறி தானே அணைந்து மீண்டும் எழும். உடையவர் மென்பொருளைக் குறை கூறுவார், அதனை அழித்துப் புதிதாக நிறுவுவார், பயன் இராது. இறுதியில் பொறி பழைய சாமான் கடைக்குப் போய்ச் சேரும். அவ்வாறு போனவற்றுள் பல, சில ரூபாய் பெறும் சின்னஞ்சிறு உருளைகளை மாற்றியிருந்தால் மேலும் பல்லாண்டு உழைத்திருக்கும் என்பது என் துணிபு. அவ்வுருளைகளுக்கு ஒரு வரலாறு உண்டு.

சும்மா இருக்கையில் ஓடும் பொறி, உழைக்கையில் மட்டும் ஏன் விழ வேண்டும்? 1993-இல் வந்த முதற் பென்டியம் பிராசசர் 5 வோல்ட் அழுத்தத்தில் ஏறத்தாழ 15 வாட் செலவிட்டது. அதாவது 3 ஆம்பியர் மின்னோட்டம். 2004-இல் வந்த பென்டியம் 4 வகைகளுட் சில 100 வாட்டுக்கு மேல் உண்டன. மின்னழுத்தமோ 1.4 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டது. எனவே மின்னோட்டம் 70 ஆம்பியரைத் தாண்டிற்று. பிராசசர் ஓய்ந்திருக்கையில் இவ்வளவும் தேவையில்லை. வேலை வந்ததும் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் தேவைப்படும். பவர் சப்ளை அனுப்பும் 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் மின்சுற்று அத்துணை விரைவில் ஈடுகொடுக்க இயலாது. அவ்விடைவெளியை நிரப்பவே பிராசசரைச் சுற்றி மின்தேக்கிகளை வரிசையாக நிறுத்தினர். ஊர்க்குழாய்களுக்கு மேல்நிலைத் தொட்டி செய்யும் உதவியை இவை பிராசசருக்குச் செய்கின்றன. தொட்டி வற்றினால் அழுத்தம் தாழும், கணக்குப் பிழைபடும், பொறி சாயும்.

மின்தேக்கியினுள் அலுமினியத் தகடும், மின்பகுளி என்னும் நீர்மத்தில் நனைந்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் உள்தடை குறைவாக இருத்தல் வேண்டும். மின்பகுளியில் நீரின் பங்கைக் கூட்டினால் தடை குறையும், விலையும் குறையும். ஆனால் நீர் அலுமினியத்தைத் தின்னும். ஹைட்ரஜன் வாயு பிறக்கும். அதனைத் தடுக்கத் தக்க பொருள்களைச் சேர்க்க வேண்டும். 1999 முதல் 2007 வரை விற்ற மின்தேக்கிகளுள் பெருந்தொகையானவற்றில் இத்தடுப்பு போதவில்லை. பல ஆண்டுகள் உழைக்க வேண்டியவை ஓரிரண்டு ஆண்டுகளிலேயே உச்சி உப்பி வெடித்தன.

2002-ஆம் ஆண்டின் இறுதியில் இச்செய்தி தொழில் இதழ்களில் வெளிவந்தபோது, கூடவே ஒரு கதையும் வந்தது. ஜப்பானிய நிறுவனத்தை விட்டுச் சீனத்துக்குச் சென்ற ஓர் அறிஞரிடமிருந்து மின்பகுளியின் செய்முறை களவுபோயிற்று என்றும், களவாடியோர் அதனை அரைகுறையாகவே படியெடுத்தனர் என்றும் கூறினர். துப்பறியும் கதை போன்று சுவையாக இருப்பதால் அது இன்றளவும் சொல்லப்படுகிறது. அதனை முழுவிளக்கமாக நான் ஏற்பதற்கில்லை. டெல் நிறுவனம் 2003 முதல் 2005 வரை விற்ற ஆப்டிப்ளெக்ஸ் கணிப்பொறிகளில் பழுதுற்றவை, ஜப்பானின் நிச்சிகான் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தின் மின்தேக்கிகள் ஆகும். அப்பழுதுகளுக்கென டெல் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. களவுபோன செய்முறைக்கும் இதற்கும் என்ன உறவு? மலிவும் விரைவும் நாடிய காலத்தில் தடையைக் குறைக்கும் போட்டியே வேதியியலின் எல்லையை மீறிற்று என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இனி, வீட்டிலுள்ள பொறிக்கு வருவோம். முதலில் வெப்பத்தை ஐயுற வேண்டும். விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் படிந்த தூசியைத் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுக. பென்டியம் 4 போன்றவை சூடேறினால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆதலால் வெப்பம் அளவோடு இருக்கையிலும் பொறி திடீரென விழுமாயின் மின்வழங்கலையே ஐயுறுதல் தகும். சோதனைக்குப் பிரைம்95 என்னும் நிரல் உதவும். அது மெர்சென் பகா எண்களைத் தேட 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய முயற்சியில் பிறந்தது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் பிராசசருக்கு ஓயாது கொடுத்துச் சரிபார்க்கும். எண் வேட்டைக்குப் பிறந்த நிரல் பொறிகளுக்கு மருத்துவனானது வேடிக்கையே! நினைவகத்தை மெம்டெஸ்ட்86 கொண்டு தனியே சோதிக்க வேண்டும்.

பிறகு மூடியைத் திறந்து மின்தேக்கிகளின் தலையைப் பாருங்கள். வெட்டுக்கோடு இட்ட உச்சி தட்டையாக இருத்தல் வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு உறைந்திருந்தாலோ ஐயமில்லை. உப்பாமலே உள்ளே வற்றியவையும் உண்டு என்பதால், தட்டையான தலை ஒன்றே நற்சான்று ஆகாது. மாற்றும்போது கொள்ளளவும் மின்னழுத்தமும் மட்டுமன்றி உள்தடையும் ஒத்திருக்கப் பார்த்து, 105 பாகை வெப்பம் தாங்கும் வகையை வாங்குக. வெப்பம் 10 பாகை குறைந்தால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும்.

பின்னாளில் மதர்போர்டு செய்வோர் நீர்மம் இல்லாத திண்மப் பாலிமர் மின்தேக்கிகளுக்கு மாறினர். பவர் சப்ளைக்குள் மட்டும் பழைய வகை இன்னும் பெரிதும் வழங்குகிறது. அதன் பெட்டியை வீட்டில் திறத்தல் ஆகாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கவல்ல மின்சாரம் அதனுள் தங்கியிருக்கும். நல்ல நிலையிலுள்ள வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே முறை.