பெர்சிக்கு ஏற்ற பள்ளி எது?

ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 749 என்ற எண்ணை 867 ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை 6,49,383 வந்ததா? எவ்வளவு நேரம் பிடித்தது?

இங்கிலாந்தின் தென்கரையில் ஸீஃபோர்டு என்றோர் ஊர் இருக்கிறது. 1896 ஆம் ஆண்டு அங்கே 14 வயதுச் சிறுவன் ஒருவன் இந்தக் கணக்கை விரைவாகவும் பிழையின்றியும் போட்டு முடித்தான். அவன் பெயர் பெர்சி. ஆனால் அவனிடம் சிறு குழந்தைகளுக்கான எளிய புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, மிகச் சிறிய சொற்கள் சிலவற்றைத் தவிர வேறெதையும் அவனால் சரியாகப் படிக்க முடியவில்லை. தன் பெயரையே 'ப்ரெசி' என்று எழுத்து மாற்றி எழுதினான். ஒரு முறைக்கு மேல் சுட்டிக் காட்டிய பிறகுதான் பிழை அவன் கண்ணில் பட்டது. இத்தனைக்கும் ஏழு வயதிலிருந்தே அவன் படித்து வந்தான், பார்வையிலும் குறையில்லை.

அவ்வூர் மருத்துவர் பிரிங்கிள் மார்கன் அந்த ஆண்டு நவம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பெர்சியைப் பற்றி எழுதினார். அக்கட்டுரையில் பள்ளி ஆசிரியரின் கருத்து ஒன்றும் வருகிறது. பாடங்களை வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அந்த ஆசிரியர் கூறியிருந்தார்.

இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பையனிடம் அறிவு இருக்கிறது. அது அவனிடம் போய்ச்சேரும் வழியும் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த வழியில் நடத்தும் பள்ளிதான் இல்லை. அப்படிப்பட்ட பள்ளியைத் தேடிய வரலாறே இக்கட்டுரை.

சொற்குருடு

மூளையில் அடிபட்ட பெரியவர்கள் சிலர் படிக்கும் திறனை மட்டும் இழந்துவிடுவதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1877 இல் இதற்குச் 'சொற்குருடு' என்று பெயரிட்டார். 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை 1887 இல் பெர்லின் என்ற கண் மருத்துவர் உருவாக்கினார். அடி ஏதும் படாமல், பிறவியிலேயே இக்குறை இருக்கக்கூடும் என்பதுதான் மார்கன் கண்ட புதுமை.

சொற்களின் உருவம் மனத்தில் பதிவதில்லை என்று மார்கன் கருதினார். இன்று நமக்குத் தெரிந்தது வேறு. பேச்சை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் எழுத்தோடு இணைக்கும் வேலையில்தான் இத்தகைய குழந்தைகள் பெரும்பாலோரின் மூளை தடுமாறுகிறது. கண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை, அறிவுக்கூர்மைக்கும் தொடர்பில்லை. ஆகவே மிகுந்த அறிவும் இந்தத் தடுமாற்றமும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து இருக்கலாம்.

ஓர் ஆண்டு, இரு செய்திகள்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே லூயிஸ் டெர்மன் என்ற உளவியலறிஞர் மீத்திறன் மிக்க குழந்தைகளைத் தேடிப் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினார். 1925 இல் அதன் முதல் நூல் வெளிவந்தது. குழந்தைகளை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார்? பெரும்பாலும் முதலில் ஆசிரியர்கள் பெயர் சொல்ல வேண்டும். அடுத்து எழுத்துத் தேர்வு. அதன்பின் அவரே வகுத்த ஸ்டான்ஃபோர்டு-பினே நுண்ணறிவுச் சோதனை. பெர்சி போன்ற ஒருவன் இதில் முதற் படியையாவது தாண்டியிருப்பானா?

அதே 1925 இல் அயோவா மாநிலத்தில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவர், படிக்கத் தெரியாத 16 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். டெர்மனின் சோதனை அவனுக்குக் கொடுத்த நுண்ணறிவு ஈவு 71 மட்டுமே. அதாவது மந்தபுத்தி! ஆனால் இயந்திரங்களைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு அவன் தெளிவாக விடை சொன்னான். தவறு பையனிடம் இல்லை, அளவுகோலில்தான் என்று ஆர்ட்டன் உணர்ந்தார்.

எழுத்துகள் இடவலமாக மாறித் தெரிவதற்கு ஆர்ட்டன் கூறிய மூளை விளக்கம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. ஆனால் அவருடைய கற்பிக்கும் முறை நிலைத்தது. அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகள் 1930களில் அதை ஒழுங்குபடுத்தினர். எழுத்தைக் கண்ணால் பார்ப்பது, அதன் ஒலியை வாயால் சொல்வது, காதால் கேட்பது, விரலால் எழுதிப் பார்ப்பது ஆகிய நான்கும் ஒருங்கே நடக்க வேண்டும். எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும்.

ஒரு தாய் கட்டிய பள்ளி

எழுத்தைக் கற்பிக்க வழி கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு ஆண்டுகள் பிடிக்குமே! அதுவரை அந்த அறிவுக்கு என்ன தீனி? தனி வகுப்பில் சேர்த்தால் அரிச்சுவடியோடு நிற்க வேண்டும். மீத்திறன் வகுப்பில் சேர்த்தால் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். இரண்டும் பொருந்தாத குழந்தை எங்கே போகும்?

வாஷிங்டன் நகரில் சாலி ஸ்மித் என்ற தாயை வாட்டியது இந்தக் கேள்விதான். தம் மகனுக்கேற்ற பள்ளி கிடைக்காததால் 1967 இல் தாமே ஒன்றைத் தொடங்கினார். 'லேப் ஸ்கூல்' என்று அதற்குப் பெயர். அங்கே காலையோ மாலையோ ஒரு பகுதி எழுத்துப் பயிற்சிக்கு. இன்னொரு பகுதியில் வரலாறு நாடகமாகவும் ஓவியமாகவும் கைவேலையாகவும் நடக்கும். கற்கால மனிதர் சங்கம், மறுமலர்ச்சிச் சங்கம் என்று குழந்தைகள் அந்தந்தக் காலத்துக்கே போய்விடுவார்கள். படிக்கத் தடுமாறும் குழந்தையும் கடினமான கருத்துகளைப் பற்றி விவாதிக்க முடிந்தது.

சட்டமும் மெல்ல அசைந்தது. 'கற்றல் குறைபாடு' என்ற பொதுப்பெயரைச் சாமுவேல் கர்க் 1963 இல் பெற்றோர் மாநாடு ஒன்றில் பரப்பினார். 1975 இல் அமெரிக்கச் சட்டம் இக்குழந்தைகளுக்கும் தக்க இலவசக் கல்வியை உரிமையாக்கியது. நம் சென்னையில் 1991 இல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியது. இந்தியச் சட்டம் 2016 இல் கற்றல் குறைபாட்டை ஊனங்களின் பட்டியலில் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித்தர ஓர் ஆள் போன்ற உதவிகளும் இன்று உண்டு.

ஆனால் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. தேர்வில் தோற்கும் குழந்தையைத்தான் பள்ளி கவனிக்கிறது. அறிவு மிக்க குழந்தை, காதால் கேட்டதை நினைவில் வைத்தும் ஊகித்தும் நாற்பது, ஐம்பது மதிப்பெண் வாங்கிவிடுகிறது. குறையை அறிவு மறைக்கிறது. அறிவைக் குறை மறைக்கிறது. 'சோம்பேறி, முயன்றால் வரும்' என்ற பட்டம்தான் மிச்சம்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ அப்படி ஒருவன் இருக்கிறானா? கேட்டால் மளமளவென்று விடை சொல்லி, எழுதச் சொன்னால் ல, ள, ழ மூன்றையும் குழப்பி, பாதியில் பேனாவை வைத்துவிடுகிறானா? எழுத்துக்குழப்பம் மட்டுமே குறைபாட்டுக்குச் சான்றாகாது. ஆயினும் திட்டுவதற்கு முன் தேர்ந்தவர்களிடம் காட்டுங்கள். அடுத்த பாடத்தை ஒரு முறை வாயால் சொல்லி, வாயாலேயே கேள்வி கேட்டும் பாருங்கள். பெர்சியின் ஆசிரியர் சொன்ன யோசனைதான் அது. செலவு ஒரு காசும் இல்லை.