வெயிலும் மீன் எண்ணெயும்

முதல் உலகப் போர் 1918-இல் ஓய்ந்தபோது வியன்னா நகரம் பசியால் வாடிற்று. அங்கே குழந்தைகள் பலரைப் பற்றிய ரிக்கெட்ஸ் நோயின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன். அந்நோய் கண்ட குழந்தையின் எலும்பு உறுதி பெறாது. நடை பழகும் பருவத்தில் கால்கள் வில்போல் வளைந்துவிடும்.

காரணம் யாதென்பதில் அறிஞர் இரு கட்சியாக நின்றனர். உணவுக் குறையே என்றனர் ஒருசாரார். லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு உணவால் இந்நோயை வருவித்து, காட் மீனின் ஈரல் எண்ணெயால் தடுத்தும் காட்டினார். வெயிலின்மையே என்றனர் மற்றொரு சாரார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919-இல் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர்களால் குழந்தைகளைக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட, மறு கையின் எலும்பும் தேறிற்று!

எது மெய்? ஹாரியட் சிக் என்னும் ஆங்கில அம்மையார் தம் குழுவினருடன் வியன்னாவின் குழந்தை மருத்துவமனையில் 1922 வரை இதனை ஆராய்ந்தார். கைக்குழந்தைகள் அனைவரையும் ஒரே வகையாகப் பேணி, ஒரு பகுதியினருக்கு மட்டும் மீன் எண்ணெய் அளித்தார். குளிர்காலத்தில் எண்ணெய் உண்ட குழந்தைகள் நோயின்றி வளர்ந்தன. மற்றவற்றுள் பல நோயுற்று, பின்னர்ச் சிகிச்சையால் தேறின. கோடையிலோ, எண்ணெய் பெறாத குழந்தைகளையும் நோய் புதிதாகத் தொடவில்லை.

இரு கட்சியும் மெய்யே! எண்ணெயில் உள்ளதும், வெயில் பட்ட தோலில் விளைவதும் ஒரே பொருள்; அதனையே வைட்டமின் டி என்கிறோம். நலமாகத் தோன்றும் குழந்தையிடத்தும் அது குறைந்திருக்கக்கூடும் என்பதை இன்று குருதிச் சோதனை காட்டுகிறது. மாணவர்களே, எதிர்க்கட்சியின் கூற்றையும் சோதித்துப் பார்த்த நேர்மையால் எத்தனையோ பிஞ்சுக் கால்கள் நேராக நின்றன என்பதை மறவாதீர்கள்.