சென்ட்ரல் பூங்காவின் வார்ப்ளர்கள்

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா 843 ஏக்கர் பரப்புள்ளது. பிரடெரிக் லா ஓல்ம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும் வரைந்த திட்டம் 1858இல் தேர்வானது. பூங்காவின் நடுவே, நகர மக்கள் உலாவுவதற்காக ராம்பிள் என்ற காட்டுப்பகுதி அமைக்கப்பட்டது. வளைந்து செல்லும் பாதைகளும் ஓடையும் அடர்ந்த மரங்களும் கொண்ட அந்த இடம் நாளடைவில் வலசைப் பறவைகளின் தங்குமிடமாயிற்று. வார்ப்ளர்கள் என்னும் சிறு பறவைகள் வலசையின்போது இரவில் பறப்பவை. விடியும் வேளையில் களைத்து இறங்கும் அவற்றுக்குக் கட்டடங்களுக்கிடையே கண்ணில் படும் பசுமை இதுவே. அதனால் மே மாதத்தில் பல இனங்கள் இச்சிறு பரப்பில் வந்து குவிகின்றன.

பெரும்பாலான வார்ப்ளர்களின் எடை பத்து கிராம் அளவே. உச்சிக் கிளைகளின் இலைகளுக்குள் ஓயாமல் தாவும் இவற்றைப் பார்வையில் நிறுத்துவதே கடினம். 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இதற்குக் கண்ட வழி துப்பாக்கி. சுட்டு வீழ்த்திய உடல் கையில் இருந்தால்தான் அரிய பறவை பற்றிய பதிவை நம்பினர்.

அந்த வழக்கம் மெல்லத் தளர்ந்தது. தொப்பி அலங்காரத்துக்காகவும் பறவைகள் கொல்லப்பட்ட அக்காலத்தில், 1886இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் மன்ஹாட்டன் தெருக்களில் நடந்து, பெண்களின் 700 தொப்பிகளைக் கவனித்தார். 542இல் இறகுகள் இருந்தன. சிதைந்த அலங்காரங்களிலிருந்தே 40 பறவை இனங்களை அவர் அடையாளம் கண்டார். 1889இல் வெளிவந்த புளோரன்ஸ் மெரியமின் நூல், நாடக அரங்கில் பயன்படும் சிறு தொலைநோக்கியைக் கொண்டே பறவைகளை அறிய வழிகாட்டியது. கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடும் வேட்டைக்கு மாற்றாக 1900இல் சாப்மன் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பில் 25 இடங்களில் 27 பேர் பங்கேற்றனர். சென்ட்ரல் பூங்காவும் அவற்றுள் ஒன்று. 1918இன் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வார்ப்ளர் போன்ற பறவைகளைக் கொல்வதைத் தடுத்தது.

சுடாமல் அறிவது எப்படி என்பதை முறைப்படுத்தியவர் பறவையியலாளர் லட்லோ கிரிஸ்கம். இறக்கைப் பட்டை, கண்வளையம், வால் புள்ளி, குரல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தொலைவிலிருந்தே இனத்தை உறுதிசெய்யலாம் என்று அவர் காட்டினார். அவரிடம் கற்ற ரோஜர் டோரி பீட்டர்சன், 1934இல் வெளியிட்ட கையேட்டில் அத்தகைய அடையாளங்களை அம்புக்குறியிட்டுக் காட்டினார். அறிஞர்களின் வித்தை பொதுமக்கள் கைக்கு வந்தது.

2018 மே மாதம், மிச்சிகனின் இளம் பைன் காடுகளில் முதன்மையாகக் கூடுகட்டும் அரிய கர்ட்லேண்டு வார்ப்ளர் ஒன்று பூங்காவில் இறங்கியது. செல்பேசிச் செய்திகள் பரவ, பார்வையாளர்கள் திரண்டனர். ஒளிப்படங்களே சான்றாயின, அதற்காகப் பறவையைக் கொல்ல வேண்டியிருக்கவில்லை.